‘நியூஸ் பாத்தீங்களா?’: ஆர்ச் லினக்ஸின் அப்டேட் அறிவுரை பற்றி

ஆர்ச் லினக்ஸ் போட்ட ஒரு கணினி அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை என்று யாராவது உதவி கேட்டால், முதலில் வந்து விழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: அப்டேட் போடறதுக்கு முன்னாடி நியூஸ் பாத்தீங்களா? கேட்பவர் கெட்டவர் இல்லை. பல சமயம் கேட்ட கையோடு தீர்வையும் அவரே சொல்லிவிடுவார். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. தப்பு யாருடையது என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் தான் கோளாறைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஆர்ச் விக்கியின் ‘சிஸ்டம் மெயின்டனன்ஸ்’ பக்கத்தில் போய் நிற்கும். லினக்ஸ் உலகத்தில் எழுதப்பட்ட ஆவணங்களில் ரொம்ப நல்லவற்றில் ஒன்று அந்த விக்கி. உபுண்டு, ஃபெடோரா வைத்திருப்பவர்களே சந்தேகம் வந்தால் அங்கேதான் ஓடுகிறார்கள். அதனால்தான் அதை ஒரு பிரதியாக எடுத்து விமர்சனம் பண்ணலாம் என்று தோன்றியது. மோசமான ஆவணத்தை விமர்சிப்பதில் என்ன பிரயோஜனம்?

முதலில் பின்னணி, சுருக்கமாக. ஜட் வினெட் என்ற கனடாக்காரர் 2002-ல் தொடங்கியது ஆர்ச். இதற்குப் பதிப்பு எண் கிடையாது. டெபியன் மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெரிய பதிப்பு, நடுவில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்கிற ஏற்பாடு இல்லை. மூல மென்பொருள் புதிய பதிப்பு விட்டால் சில நாளிலோ சில வாரத்திலோ அது உங்கள் கணினிக்கு வந்துவிடும். ‘பேக்மேன்’ என்ற பேக்கேஜ் மேலாளருக்கு ஒரே ஒரு கட்டளை, மொத்தமும் புதுசாகிவிடும். டெபியனில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும் தலைவலி இங்கே தினசரி தவணையில் வருகிறது. தலைவலியின் மொத்த அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் எண்ணம். வித்தியாசம் என்னவென்றால், டெபியனில் அந்த நாள் எது என்று உங்களுக்குத் தெரியும். ஆர்ச்சில் தெரியாது.

விக்கிப் பக்கம் இதற்குச் சொல்லும் வழிகளைத் திரட்டினால் இப்படி வரும். அடிக்கடி அப்டேட் பண்ணு. பண்ணுமுன் முகப்பிலுள்ள செய்திகளைப் படி. பாதி பேக்கேஜை மட்டும் ஏற்றாதே. ஓடும்போது பேக்மேன் சொல்லும் எச்சரிக்கைகளைக் கவனி. புதிதாக வந்த கான்ஃபிக் கோப்புகளைப் பழையதோடு ஒப்பிட்டுச் சேர். முக்கியமான வேலை காத்திருக்கும்போது அப்டேட் போடாதே. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரிதான். சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்று தெரிகிறது: இதில் முக்கால்வாசி உங்கள் கவனத்தை நம்பிக் கட்டியது. பாதுகாப்புக் கருவி என்று அவர்கள் நம்பியிருப்பது உங்கள் கண்ணை.

கவனம் காப்பாற்றும் ஆபத்து ஒரு வகை. கவனத்தால் ஒன்றும் பண்ண முடியாத ஆபத்து இன்னொரு வகை. விக்கி இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது என்பதுதான் என் புகார். சில சம்பவங்களை எடுத்துப் பார்க்கலாம்.

அறிவுரை அச்சு அசலாக வேலை செய்த சம்பவம் 2012 ஜூலையில் நடந்தது. ரூட் அடைவின் கீழே ‘லிப்’ என்று ஓர் அடைவு இருக்கும். அதை எடுத்துவிட்டு, ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் இருக்கும் லிப்பைக் காட்டும் ஒரு சுட்டியாக மாற்றினார்கள். மாற்றம் ஜிலிப்சி பேக்கேஜோடு வந்தது. கணினியில் ஏறக்குறைய எல்லா நிரலும் துவங்க வேண்டும் என்றால் முதலில் ‘டைனமிக் லோடர்’ என்ற சின்ன நிரல் ஓடியாக வேண்டும். அது இருந்த இடம் அந்த லிப்தான். பழைய லிப்பில் வேறு ஏதாவது கோப்பு மிச்சமிருந்தால் பேக்மேன், கோப்பு மோதுகிறது, ஏற்ற மாட்டேன் என்று நின்றுவிடும். அப்படி நின்றபோது சிலர் ‘ஃபோர்ஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து அடித்தார்கள். லோடர் இருந்த இடத்தில் இல்லாமல் போனது. அதற்கப்புறம் கோப்புப் பட்டியல் பார்க்கும் கட்டளைகூட ஓடாது. கோப்பை நகர்த்திச் சரி பண்ணலாம் என்றால் நகர்த்தும் கட்டளையும் ஓடாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின நிலைமை.

இதில் செய்தி சரியான நேரத்தில் வந்திருந்தது. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஃபோர்ஸ் போடாதே என்பதும் அதில் இருந்தது. படித்தவர்கள் தப்பித்தார்கள். ஆக, கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. எனக்கு அதுதான் சுவாரசியம். 2018-ல் வந்த பேக்மேன் 5.1-ல் ஃபோர்ஸுக்குப் பதிலாக ‘ஓவர்ரைட்’ என்ற விருப்பத்தைக் கொண்டுவந்தார்கள். ஃபோர்ஸ் என்பது கண்ணை மூடிக்கொண்டு எல்லா மோதலையும் மிதித்துப் போவது. ஓவர்ரைட்டில் எந்தக் கோப்பை மிதிக்கலாம் என்று நீங்கள் பாதையைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடமாக ‘போடாதே, போடாதே’ என்று எழுதிக்கொண்டிருந்த எச்சரிக்கை செய்யாத வேலையை, கருவியில் செய்த ஒரு மாற்றம் செய்தது. அதாவது ஆர்ச் காரர்களுக்கே இந்த உண்மை தெரியும். தெரிந்தும் விக்கியின் குரல் மாறவில்லை.

2025 ஜூன் மாதம் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டுகளாகப் பிரித்தபோது நடந்ததும் முதல் வகையே. என்விடியா ஃபர்ம்வேர் அடைவுகளின் அமைப்பு மாறியதால் பேக்மேன் கோப்பு மோதல் என்று நின்றது. பழைய பேக்கேஜைச் சார்புகளைப் பார்க்காமல் நீக்கிவிட்டு, திரும்ப ஏற்றச் சொன்னது செய்தி. நீங்கள் செய்தியைப் படிக்காமலே கட்டளை அடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பேக்மேன் நின்றிருக்கும், நீங்கள் தேடியிருப்பீர்கள், செய்தி கிடைத்திருக்கும். காப்பாற்றியது செய்தி இல்லை, நின்ற கருவி. செய்தி வெறும் விளக்கவுரை.

இப்போது இரண்டாவது வகை. 2022 ஆகஸ்ட், கிரப்.

கிரப் என்பது பூட் லோடர். கணினியை ஆன் செய்ததும் ஃபர்ம்வேர் முதலில் இதைத்தான் எழுப்பும், இது கர்னலை எழுப்பும். ஆர்ச்சில் கிரப் பேக்கேஜை ஏற்றினால் என்ன நடக்கிறது என்பது பல வருடம் ஆர்ச் வைத்திருப்பவர்களுக்கே தெளிவாகத் தெரியாத விஷயம். பேக்கேஜ், கிரப்பின் கோப்புகளை யூஎஸ்ஆர் அடைவுக்குள் கொண்டுபோய் வைக்கும். ஆனால் ஃபர்ம்வேர் ஓட்டுவது அதை இல்லை. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு நகல் இருக்கிறதே, அதைத்தான். அந்த நகலைப் போடுவது ‘கிரப்-இன்ஸ்டால்’ என்ற தனிக் கட்டளை. கணினியை முதன்முதலில் நிறுவும்போது ஒரு தடவை ஓட்டியிருப்பீர்கள். அதற்கப்புறம் கிரப் பேக்கேஜ் எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டாலும் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பழைய நகலே.

இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. பழையதுதான் ஓடுகிறது, ஓடட்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மெனு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பை உருவாக்குவது இன்னொரு கட்டளை, ‘கிரப்-எம்கேகான்ஃபிக்’. அது புதிய பேக்கேஜிலிருந்து ஓடும். அந்த ஆகஸ்டில் வந்த பேக்கேஜ், கிரப் 2.06 வெளியீட்டுக்கு மேல் 322 கமிட்டுகள் ஏறிய கிட் நிலையிலிருந்து கட்டப்பட்டது. அதில் ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குப் போகும் கட்டளைக்கு ஒரு புது விருப்பம் சேர்த்திருந்தார்கள்: இந்தக் கணினியில் அப்படிப் போக முடியுமா, முடியாதா என்று கேட்டு மட்டும் சொல்வது. புது கான்ஃபிக் அந்த விருப்பத்தோடு அந்தக் கட்டளையைக் கூப்பிட்டது. பழைய நகலுக்கு அந்த விருப்பமே தெரியாது. ‘போக முடியுமா?’ என்று கேட்டது அதன் காதில் ‘போ’ என்று விழுந்தது. போய்விட்டது. கணினியை ஆன் செய்தால் நேராக பயாஸ் திரை. திரும்ப ஆன் செய்தால் திரும்பவும் பயாஸ் திரை. சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்தாயிற்று, காஜா மட்டும் பழைய அளவு.

யார் மாட்டினார்கள் என்று பாருங்கள். ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட எண்டெவர்ஓஎஸ் பயனர்கள் நிறையப் பேர் மாட்டினார்கள். அங்கே கான்ஃபிக்கைத் தானாகத் திரும்ப உருவாக்க ஏற்பாடு இருந்தது, கிரப்-இன்ஸ்டாலைத் தானாக ஓட்ட ஏற்பாடு இல்லை. சுத்தமான ஆர்ச்சில், பேக்கேஜ் ஏறியதும் பொறுப்பாகக் கையால் கான்ஃபிக்கைப் புதுப்பித்தவர் மாட்டினார். எதையும் கண்டுகொள்ளாமல் அப்டேட் மட்டும் போட்டுவிட்டுப் போன சோம்பேறிக்கு ஒன்றும் ஆகவில்லை! கவனத்துக்குத் தண்டனை, அலட்சியத்துக்குப் பரிசு.

செய்தி? வந்தது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி. இரண்டு கட்டளைகளையும் சேர்த்து ஓட்டுங்கள் என்று சொன்னது. அதற்குள் பேக்கேஜ் வந்து சில நாள் ஆகிவிட்டது, மாட்ட வேண்டியவர்கள் மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முகப்பைப் பார்த்துவிட்டு அப்டேட் போடுகிற ஒழுங்கான ஆள் அன்றைக்கும் பார்த்திருப்பார். அங்கே ஒன்றும் இருந்திருக்காது. ‘நியூஸ் பாத்தீங்களா?’ என்ற கேள்விக்கு ‘பாத்தேங்க, இல்லையே’ என்பதுதான் உண்மையான பதில். அந்தப் பதிலைச் சொன்னவர்களுக்குக் கிடைத்த அடுத்த அறிவுரை: கிரப்-இன்ஸ்டாலும் ஓட்டியிருக்க வேண்டும். எந்த விளக்கமும் இல்லாமல் வந்த ஒரு பேக்கேஜுக்கு இதை முன்கூட்டியே யார் யோசிப்பார்கள்? நடந்து முடிந்ததை வைத்து நடக்கும் முன் இருந்தவரைக் குற்றம் சொல்வது விமர்சனம் ஆகாது.

ஆர்ச் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிரப்-இன்ஸ்டாலைப் பேக்கேஜே தானாக ஓட்டிவிட முடியாது. எந்த வட்டு, எந்தப் பார்ட்டிஷன், பழைய முறையா ஈஎஃப்ஐயா, பக்கத்தில் விண்டோஸ் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தப்பான இடத்தில் எழுதினால் இன்னும் பெரிய விபத்து. இது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தானாக ஓட்டுவதற்கும் ஒன்றுமே பேசாமல் இருப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பேக்கேஜ் ஏறும்போது நாலு வரி அச்சடித்துக் காட்டும் வசதி பேக்மேனில் ஆதியிலிருந்தே உண்டு.

இரண்டுக்கும் நடுவில் விழும் சம்பவங்களும் உண்டு. கான்ஃபிக் கோப்பை நீங்கள் திருத்தியிருந்தால் பேக்மேன் அதன்மேல் கை வைக்காது, புதியதைப் பக்கத்தில் ‘பேக்நியூ’ என்ற வாலோடு வைத்துவிட்டுப் போகும். நல்ல பண்பு. 2020-ல் பிஏஎம் என்ற உள்நுழைவு நூலகத்தின் புதிய பதிப்பு, தவறான கடவுச்சொல்லை எண்ணும் பழைய மாட்யூலைக் கைவிட்டது. உள்நுழைவுக் கோப்பைத் திருத்தி வைத்திருந்தவர்களின் கோப்பு இல்லாத மாட்யூலைக் கூப்பிட்டது. சரியான கடவுச்சொல் அடித்தாலும் உள்ளே விடவில்லை. பேக்நியூவைச் சேர்த்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பது உண்மை. முன்னூறு வரி ஓடும் வெளியீட்டில் ‘பேக்நியூ வைத்திருக்கிறேன்’ என்ற ஒரு வரி, மற்ற சாதாரண எச்சரிக்கைகளின் அதே தொனியில் வந்து போகும் என்பதும் உண்மை.

பாதி அப்டேட் விஷயத்துக்கு வருவோம். ‘பார்ஷியல் அப்கிரேட்’ ஆதரிக்கப்படாது என்பது ஆர்ச்சின் வேதவாக்கு. காரணம் சரியானது. ஒரு லைப்ரரியின் பொருத்த எண் மாறினால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பேக்கேஜையும் திரும்பக் கட்டி ஒரே நேரத்தில் விடுவார்கள். நீங்கள் லைப்ரரியை மட்டும் ஏற்றினால் மற்றவை பழைய எண்ணைத் தேடி விழும். சரி. ஆனால் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை ஏற்றும் கட்டளையை பேக்மேன் முணுமுணுப்பு இல்லாமல் செய்து தரும். ஆதரவில்லாத காரியத்தைக் கருவி சிரித்த முகத்தோடு செய்கிறது, விக்கி மட்டும் தனியாக முறைக்கிறது.

இதைவிட வேடிக்கை, விக்கி தன்னையே மறுக்கும் இடம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடும். புதிய பெரிய பதிப்பால் பழைய பதிப்பின் தரவு அடைவைத் திறக்க முடியாது. மாற்ற வேண்டும் என்றால் பழைய நிரலும் புதிய நிரலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். டெபியனில் இரண்டு பதிப்பும் அருகருகே இருக்கும்படியே பேக்கேஜ்களை அமைத்திருக்கிறார்கள். ஆர்ச்சில் ஒரே பேக்கேஜ். ஒரு காலை அப்டேட் போட்டால் பழையது போய்ப் புதியது உட்கார்ந்திருக்கும், டேட்டாபேஸ் கிளம்பாது. (தரவு அழிவதில்லை, அது ஒரு ஆறுதல். பழைய நிரலைத் தரும் தனிப் பேக்கேஜ் ஒன்றும் இருக்கிறது.) இதைத் தவிர்க்க, போஸ்ட்கிரெஸை அப்டேட்டில் சேர்க்காமல் தள்ளி வைக்கும்படி விக்கியின் போஸ்ட்கிரெஸ் பக்கமே சொல்லியிருக்கிறது. அதாவது, பார்ஷியல் அப்கிரேட் பண்ணு!

அதன் விளைவு என்ன? போஸ்ட்கிரெஸ் ‘ஐசியூ’ என்ற லைப்ரரியைச் சார்ந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், யூனிகோட் சமாச்சாரங்களைக் கவனிக்கிற லைப்ரரி. அதன் பொருத்த எண் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் மாறும். போஸ்ட்கிரெஸைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும்போது ஐசியூ ஏறிவிட்டால், நிறுத்தி வைத்த போஸ்ட்கிரெஸும் கிளம்பாது. ஒரு பக்கம் போனால் புலி, இன்னொரு பக்கம் போனால் கிணறு. இரண்டு பக்கங்களும் தனித்தனியாகச் சரி, சேர்த்துப் படித்தால் முரண். பல கைகள் எழுதும் விக்கியில் இது நடக்கும் என்பது புரிகிறது. ஆனால் ‘படித்தாயா?’ என்று கேட்கிற ஊரில், எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதும் கேள்விதானே.

‘அதெல்லாம் சரி, ரெண்டு வாரம் தள்ளி அப்டேட் போட்டா போச்சு’ என்று ஒரு கட்சி உண்டு. கிரப் விவகாரத்தில் அது காப்பாற்றியிருக்கும். எக்ஸ்இசட் விவகாரத்தில்? 2024 பிப்ரவரி 24-ல் வெளியான எக்ஸ்இசட் 5.6.0-ல் பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. அது வெளியே தெரிந்தது மார்ச் 29-ல். நடுவில் 34 நாள். இரண்டு வாரம் காத்திருந்தவருக்கும் அந்தப் பேக்கேஜ் வந்து சேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற கிளையில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத்தான் நூல் பிடித்துப் போனார். உருளும் கிளையில் யாராவது உட்கார்ந்திருந்தால்தான் நிலையான கிளைக்கு வரும் முன் இதெல்லாம் பிடிபடும். எல்லாரும் இரண்டு வாரம் காத்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் ஆள் மாட்டுவார். ஆர்ச்சிலும் அந்தப் பேக்கேஜ் வந்தது. ஆனால் அந்தச் சதி டெபியன், ரெட்ஹாட் முறையில் கட்டும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. ஆர்ச்சின் எஸ்எஸ்எச் அந்த லைப்ரரியோடு இணைக்கப்படவும் இல்லை. ஆர்ச் பயனர் தப்பியது அவர் கவனத்தால் இல்லை, காத்திருந்ததாலும் இல்லை.

ஆக, எதிர்பார்க்க முடியாத வகை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரே மருந்து திரும்பி வரும் வழி. இங்கேதான் ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட்டை ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதுவும் உருளும் வெளியீடுதான். ஆனால் பேக்கேஜ்கள் தனித்தனியாக வராது. ஒரு தொகுப்பாகச் சேர்த்து, ‘ஓப்பன்கியூஏ’ என்ற தானியங்கிச் சோதனையில் நிறுவி, பூட் செய்து, திரையைப் பார்த்து, தேறினால்தான் வெளியே விடுகிறார்கள். நிறுவும்போதே பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ‘ஸ்னாப்பர்’ கருவியும் சேர்ந்து வருகின்றன. அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்னாப்ஷாட் விழுகிறது. கெட்டுப்போனால் பூட் மெனுவிலிருந்தே நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆர்ச்சில் இதெல்லாம் முடியாதா என்றால், முடியும். எல்லாமே விக்கியில் இருக்கிறது. நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டம்பிள்வீட்டில் முன்னிருப்பு, ஆர்ச்சில் வீட்டுப்பாடம்.

அதற்காக ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற கட்டுரைகளைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபாட் வடிவத்தில் இருக்கும், ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. ஆர்ச்சில் பலர் அந்தப் பார்ட்டிஷனையே பூட் அடைவாக வைத்திருப்பார்கள், கர்னல் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ரூட்டை மட்டும் நேற்றைக்குத் திருப்பினால் கர்னல் இன்றையது, அதன் மாட்யூல்கள் நேற்றையவை. கர்னலுக்குத் தன் மாட்யூல்கள் கிடைக்காது. திரும்பி வரும் வழியில் கதவு மாறிப்போகும். டம்பிள்வீட்டில் ‘வார்’ அடைவைத் தனியாகப் பிரித்து ஸ்னாப்ஷாட்டுக்கு வெளியே வைத்திருப்பதும் காரணத்தோடுதான். ரூட்டைத் திருப்பும்போது டேட்டாபேஸின் தரவும் சேர்ந்து நேற்றைக்குப் போய்விடக் கூடாது. ஆனால் நிரல் நேற்றையது, தரவு இன்றையது என்ற இடைவெளியை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். டேட்டாபேஸுக்கு டம்ப் எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்தக் கோப்பு முறைமையும் அதற்கு மாற்று இல்லை.

மாட்யூல் என்றதும் இன்னொன்று. ஆர்ச்சில் கர்னல் அப்டேட் ஏறியவுடன் பழைய கர்னலின் மாட்யூல்கள் அழிந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல். அப்போது ஒரு பென்டிரைவைச் செருகினால், அதற்கான மாட்யூல் ஏற்கெனவே ஏற்றப்படாமல் இருந்தால், கணினி மௌனம் சாதிக்கும். ரீபூட் செய்தால் சரியாகும். டெபியன் பழைய கர்னலை அப்படியே வைத்திருக்கிறது. இது ஒன்றும் பெரிய விபத்து இல்லை. ஆனால் மாதத்துக்குப் பல தடவை நடக்கிற சின்ன எரிச்சல், பலர் இதைக் கோளாறு என்றே நினைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

விக்கிப் பக்கத்தை நான் திருத்தி எழுதினால் வரிசையை மாற்றுவேன். முதலில் திரும்பி வரும் வழி: ஒரு யூஎஸ்பியில் ஆர்ச் நிறுவல் பிம்பம், அதிலிருந்து ‘ஆர்ச்-க்ரூட்’ போட்டு உள்ளே நுழைந்து பார்க்கும் பயிற்சி. பயிற்சி என்பதை அழுத்திச் சொல்கிறேன், கணினி நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நீண்டகால ஆதரவுக் கர்னலும் நிறுவியிருந்தால் பாதிப் பிரச்சினைக்கு யூஎஸ்பியே தேவைப்படாது. பேக்மேனின் கிடங்கில் பழைய பேக்கேஜ்கள் இருக்கும், இடம் காணவில்லை என்று மொத்தமாகத் துடைக்காமல் கடைசி மூன்று பதிப்பை விட்டுவைக்கும் கருவி இருக்கிறது. அதுவும் போனால் ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவ். ஒவ்வொரு நாளின் ரெப்போ நிலையும் தேதி வாரியாக அங்கே கிடக்கிறது. மிரர் முகவரியில் ஒரு தேதியைப் போட்டால் மொத்தக் கணினியும் அந்த நாளுக்குத் திரும்பும், பாதி அப்டேட் என்ற பாவமும் சேராது. ஆர்ச்சின் மிகச் சிறந்த வசதிகளில் ஒன்று இது. அப்டேட் அறிவுரைகளில் அதற்குக் கிடைக்கும் இடமோ கொஞ்சம்.

செய்தி படிப்பது இதற்கெல்லாம் பின்னால் வர வேண்டும். அதையும் மனிதனின் ஞாபகத்தில் விடத் தேவையில்லை. 2016-ல் வந்த பேக்மேன் 5.0-லிருந்து ‘ஹுக்’ வசதி இருக்கிறது. அப்டேட் தொடங்கும் முன் ஒரு நிரலை ஓட்டி, அது மறுத்தால் அப்டேட்டையே நிறுத்தலாம். படிக்காத செய்தி இருந்தால் அப்டேட்டை நிறுத்தும் ‘இன்ஃபார்மன்ட்’ என்ற கருவியை ஒருவர் எழுதி ஏயூஆரில் போட்டிருக்கிறார். ஏயூஆர் என்பது பயனர்கள் தாங்களே பராமரிக்கும் கிடங்கு, அதிகாரப்பூர்வமானது இல்லை. ஆக, ‘செய்தியைப் படித்தாயா?’ என்று கேட்கும் கருவி ஆர்ச்சுக்கு வெளியே இருக்கிறது, கேட்கும் மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

எளிமை எங்கள் கொள்கை, தேவையில்லாததைச் சேர்க்க மாட்டோம் என்பது ஆர்ச்சின் பதில். மதிக்கிறேன். சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள், அவர்களிடம் கேட்டு வாங்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் பேக்மேனுக்குள் இல்லாத சிக்கல் காற்றில் கரைந்துவிடவில்லை. அது பயனர் தலைக்கு இடம் மாறியிருக்கிறது. பராமரிப்பாளருக்கு எளிமை, ஒரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு மறுநாள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய மாணவருக்குச் சிக்கல். யாருக்கு எளிமை என்று சேர்த்துச் சொன்னால் கொள்கை இன்னும் நேர்மையாக இருக்கும்.

கிரப்பின் நகல் பிரச்சினை தீர்க்கவே முடியாததும் இல்லை. சிஸ்டம்டி-பூட்டுக்கும் இதே சங்கடம் உண்டு: அதுவும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு நகலாகத்தான் ஓடுகிறது, பேக்கேஜ் ஏறினால் நகல் தானாக மாறாது. ஆனால் சிஸ்டம்டியோடு ஒரு சேவை வருகிறது. அதை ஆன் செய்து வைத்தால் அடுத்த பூட்டில் நகலின் பதிப்பையும் பேக்கேஜின் பதிப்பையும் ஒப்பிட்டு, பழையதாக இருந்தால் மாற்றிவிடும். எந்த வட்டு, எந்தப் பார்ட்டிஷன் என்று யூகிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தான் நிறுவிய நகல் எங்கே இருக்கிறதோ அதை மட்டும் தொடும். நகல் இல்லாவிட்டால் சும்மா போய்விடும்.